கரை சேர்ந்தால் ஒரு ரிங்

1

என்ன வேலை செய்கிறேன் என்பதை ஊரில் ஒருவருக்கும் நான் இன்னும் சரியாக விளக்கி முடிக்கவில்லை. "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவதுதான் வழக்கம். உண்மையில் நான் செய்வது இதுதான். முன்பின் தெரியாத ஒருவரை ஓர் அறையில் இருத்தி, கையில் ஒரு போனைக் கொடுத்து, "நாளைக் காலைக்கு எழுப்பும் மணி வையுங்கள்" என்பேன். பிறகு அவர் எந்த இடத்தில் விரலை எடுத்துவிட்டு யோசிக்கிறார், எதைத் தொட்டுவிட்டுத் திடுக்கிடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். உதவி செய்யக் கூடாது. முகத்தில் எதையும் காட்டவும் கூடாது. அவர் தடுமாறினால் பிழை அவருடையதல்ல, போனுடையது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

இதை ஒருமுறை என் அக்கா திரேசாவுக்கு விளக்கினேன். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறைப் பக்கத்தில், கடலோரத்தில், நாங்கள் பிறந்த வீட்டிலேயே இருப்பவள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆக்கள் முழிக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்கிறதுக்குச் சம்பளம் தாறாங்களோ?" என்றாள். இதைவிடச் சுருக்கமாக என் தொழிலை நானும் சொன்னதில்லை, என் மேலதிகாரியும் சொன்னதில்லை.

இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது என் மகள் ஷெரினின் ஒரு தொலைபேசி அழைப்பு. அவள் நோர்வேயில், துரொண்ட்ஹைமில் படிக்கிறாள். நாங்கள் இருக்கும் பேர்கனிலிருந்து விமானத்தில் போக வேண்டிய தூரம். மனிதர்களும் இயந்திரங்களும் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதே அவள் படிப்பும். தாய் செய்யும் தொழிலை மகளும் எடுத்தாள் என்று பெருமைப்படலாம் என்றால், அவள் அப்படி நினைக்கவில்லை. நான் செய்வது பழைய முறையாம்.

அவளுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரு போனின் திரையை, பாடத்தில் படித்த விதிகளை வைத்து மதிப்பிட வேண்டும். ஆனால் அதைப் பாவிப்பவர் மதிப்பிடுபவரிலிருந்து எவ்வளவு வேறுபட்டவராக இருக்க முடியுமோ அவ்வளவு வேறுபட்டிருக்க வேண்டும். நோர்வேஜிய மொழியில் கேட்டாள்: பெரியம்மாவைக் கேட்கலாமா? அவள் வாயில் பெரியம்மா என்ற சொல் வந்து நீண்ட காலமாகியிருந்தது. நான் உடனே ஓம் என்றேன். எனக்கு அக்காவின் போனைப் பற்றி வேறொரு கவலையும் இருந்தது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பிள்ளைகளும் வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் போன் என்பது எப்போதும் கதைப்பதற்காக மட்டும் இருந்ததில்லை. ஒரு தடவை அடித்துவிட்டு நிறுத்தினால் அது ஒரு செய்தி. குறிகட்டுவானில் படகு ஏறிவிட்டேன், பஸ் வந்துவிட்டது, பூசை முடிந்துவிட்டது, வெளியே வா. எந்தச் செய்தி என்பது ஆர் அடிக்கிறார், எந்த நேரம் அடிக்கிறார் என்பதிலேயே அடங்கிவிடும். காசு மிச்சம் பிடிப்பதற்காகத் தொடங்கியது. பிறகு கதைப்பது மலிந்துவிட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை, ஏனென்றால் அது வசதியாக இருந்தது.

மனுவேல் அத்தான், அக்காவின் கணவர், இருட்டோடு கடலுக்குப் போய் அனலைதீவுக்கு அப்பால் வலை விடுபவர். விடிந்தபின் ஊர்காவற்றுறைத் துறைக்கு வந்து, அங்கே மீனை ஏலத்தில் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்கு வருவார். துறையில் வள்ளத்தை விட்டு இறங்க முன்னர் அக்காவின் போனுக்கு ஒரு ரிங். அவ்வளவுதான். அந்த ரிங் கேட்டால் அக்கா எழும்பிப் போய் உலை வைப்பாள். அவர் வந்து கிணற்றடியில் குளித்துவிட்டுக் குசினிக்குள் வரச் சோறு வடித்திருக்கும். இது எத்தனையோ வருடமாக நடந்து வந்தது. அந்தக் கடலைப் பற்றி அறிந்தவர்களுக்கு, ரிங் கேட்கும்வரை அக்காவின் காலை எப்படிப்பட்டது என்பதை நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

அக்காவின் பழைய பட்டன் போனை உப்புக்காற்று தின்றுவிட்டது. யாழ்ப்பாண நகரத்தில் வேலை பார்க்கும் அவளுடைய மகன் றொபின், நத்தார்ப் பண்டிகைக்கு அவளுக்கு ஒரு புதிய போன் வாங்கிக் கொடுத்தான், தொட்டால் வேலை செய்யும் போன். எந்த வகை நல்லது என்று என்னைக் கேட்டுத்தான் வாங்கினான். எங்கள் சோதனை அறையில் நல்ல புள்ளி எடுத்த வகை அது.

தைப் பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா போனில் அதையும் இதையும் சொல்லிக்கொண்டு வந்தவள், நடுவில் ஒரு வசனத்தை வைத்தாள்.

"அத்தான் இப்ப ரிங் விடுறேல்லை."

சொல்லிவிட்டுப் பனங்கிழங்கின் விலைக்குப் போய்விட்டாள். போனில் ஏதும் பழுதோ என்று கேட்டேன். பழுதென்றால் மற்றக் கோல்களும் வராமல் விட வேண்டுமே, மகனுடையது வருகுது, கோயிலிலிருந்து வருகுது, உன்னுடையது வருகுது என்றாள். அதில் பிழை சொல்ல எனக்கும் ஒன்றும் இருக்கவில்லை. அத்தானிடமே கேட்டால் என்ன என்றேன். அவள் மறுபடி பனங்கிழங்குக்குப் போய்விட்டாள். எனக்கும் அது முட்டாள்தனமான கேள்வி என்று தெரியும். ஏன் ரிங் விடுவதில்லை என்று கேட்பது, என்னை நினைக்காமல் விட்டுவிட்டீர்களோ என்று கேட்பதுதான். எங்கள் வீடுகளில் அப்படி ஒரு கேள்வியை வாயால் கேட்டவர்களும் இல்லை, பதில் சொன்னவர்களும் இல்லை.

பிறகு றொபின் சொல்லி மிச்சக் கதை தெரிய வந்தது. ரிங் வராததால் அக்கா விடியவே எழும்பி, முழங்கால் வருத்தத்தோடு நடந்து போய், கரை கடலுக்குள் நீளும் முனையில் நிற்கிறாள். அத்தானின் வள்ளம் துறைப்பக்கமாகப் போவதைக் கண்ட பிறகுதான் திரும்பி வந்து அடுப்பு மூட்டுகிறாள். அவர் வரும்போது உலை கொதித்திருப்பதில்லை. வள்ளங்கள் வர முன்னர் ஒரு பெண் வந்து முனையில் நின்றால், யாருக்கோ கெட்ட செய்தி இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். கடலிலிருந்து பார்க்கும் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டை நினைப்பார்கள். அத்தானுக்குப் பயத்தோடு வெட்கமாகவும் இருந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மாசி முடிய முன்னர் இருவரும் தனித்தனியாக மகனிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்: வள்ளத்தை விற்றுவிட்டு அவனோடு நகரத்துக்கு வந்துவிடலாம். றொபின் அதைத்தான் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். வாங்க ஆளும் பார்த்துவிட்டான். ஆனாலும் தாயும் தகப்பனும் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை என்றான். சந்தோஷமாகச் சொல்லவில்லையாம்.

3

நாங்கள் இருக்கும் நோர்வேயில் அரசாங்கம் போனுக்குள் இருக்கிறது. வரி, வைத்தியர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வங்கி, எல்லாம் அதற்குள்தான். உள்ளே போவதற்கு நீங்கள்தான் நீங்கள் என்று போனுக்கு நிரூபிக்க வேண்டும். தேவாலயத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் என்னைச் சுற்றி நாலைந்து வயதானவர்கள் போனோடு நிற்பார்கள். நான் இந்தத் தொழில் செய்கிறேன் என்பது அவர்களுக்கு மட்டும் நன்றாக விளங்கியிருக்கிறது. ஒவ்வொருவரின் திரையிலும் ஒரே வசனம் நிற்கும்: ஏதோ பிழை ஏற்பட்டுவிட்டது, மீண்டும் முயற்சியுங்கள்.

பிழை வந்தால் என்ன பிழை என்று சொல்ல வேண்டும், அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. முன்பு ஊரில், அரசாங்கக் கந்தோருக்கு அலைந்த காலத்தில், அங்கிருந்த லிகிதர் ஒருவர் எங்களைத் திட்டித்தான் அனுப்புவார். ஆனால் "ஐயா லீவு, இண்டைக்கு ஏலாது, புதன்கிழமை வாங்கோ" என்று சொல்லித் திட்டுவார். காரணமும் இருந்தது, வழியும் இருந்தது. இன்றைக்கு என் கையில் அவரை மதிப்பிடத் தந்தால் இந்தச் செயலிகளைவிட அவருக்குக் கூடப் புள்ளி போடுவேன்.

இங்கே சத்தமும் ஒரு குற்றம். பஸ்சில் போன் அடித்தால் எல்லாரும் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், அடித்தவரின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. ஒருவரை அழைக்க முன்னர், அழைக்கலாமா என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் அழைத்தால் ஆரும் செத்துப்போனார்களோ என்று நினைப்பார்கள். ஷெரினும் இப்படியே வளர்ந்தவள். நான் ஐந்து வரியில் தமிழில் எழுதினால், அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். வாசித்தாளா, வாசிக்காமல் விரலைக் காட்டினாளா என்பது எனக்குத் தெரியாது. விமானம் ஏறி வீட்டுக்கு வரும்போதும் இப்படித்தான். வருகிறாள் என்பது தெரியும், எப்போது கதவு திறக்கும் என்பது தெரியாது. வழியில் எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்து, பசியில்லை என்பாள். நான் சமைத்தது குளிர்சாதனப் பெட்டிக்குள் போகும். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் மனம் நோகிறது என்பது உண்மை.

4

பங்குனியில் ஒரு ஞாயிறு. ஊரில் மத்தியானம், எங்களுக்கு விடிகாலை. றொபின் நகரத்திலிருந்து ஊருக்குப் போயிருந்தான், வள்ளம் வாங்குபவரைத் திங்களன்று சந்திப்பதற்காக. அவனுடைய போனில் வீடியோவைப் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா குசினிக்குள் கதிரையில் இருந்தாள், அவளுடைய புதிய போன் மடியில். அத்தான் பின்பக்கக் கதவுக்கு வெளியே வலையில் இருந்த பாசியைத் தட்டிக்கொண்டிருந்தார். துரொண்ட்ஹைமில் இருந்து ஷெரின், பேர்கனில் இருந்து நான். நான் பேசக் கூடாது என்று ஷெரின் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நான் பேசினால் சோதனை கெட்டுவிடும்.

"பெரியம்மா, நீர் பயப்பிட வேண்டாம். பிழை விட்டால் அது போனின் பிழை" என்று ஷெரின் தொடங்கினாள்.

அக்கா சிரித்த சிரிப்பில் போனைப் பிடித்திருந்த றொபினும் சிரித்துவிட்டான். நானும் என் கணவரும் ஒருவரையொருவர் நீர் என்று கதைப்பதைக் கேட்டு வளர்ந்தவள் ஷெரின். பெரியவர்களை நீங்கள் என்று சொல்ல வேண்டும் என்பது தெரியும், அவசரத்தில் வருவது நீர்தான். அக்கா அதைத் திருத்தவில்லை. பரவாயில்லை, நீர் கேளும் பிள்ளை என்றாள்.

போன் முதலில் கைரேகை கேட்டது. அக்கா பெருவிரலை வைத்தாள். மறுத்தது. துடைத்துவிட்டு வைத்தாள். மறுத்தது. எத்தனையோ வருடமாக மீன் வெட்டி, உப்புத் தண்ணீரில் வலை பிரித்த விரல். அதில் போன் தேடும் கோடுகள் அதிகம் மிச்சமில்லை. அதற்குப் பிறகு ஒரு படம் கீறித் திறக்கச் சொன்னது. றொபின் அதற்கு ஒரு மீன் மாதிரி வடிவம் வைத்துக் கொடுத்திருந்தான், அது உடனே வந்தது. நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதைவிடத் தெரிந்த உருவத்தை அடையாளம் காண்பது சுலபம் என்று எங்கள் விதி ஒன்று உண்டு. அதில் மீனைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் மீனும் அதற்குள் அடங்கும்.

கோல் எடுக்கும் பச்சைக் குறியை, முந்திரிப்பருப்பு போல வளைந்திருப்பதால், அக்கா கஜுக்கொட்டை என்று சொல்வதை அன்றுதான் கவனித்தேன். அந்தக் குறி பழைய வீட்டுத் தொலைபேசியின் கைப்பிடி. ஆனால் எங்கள் கரையில் அப்படி ஒரு தொலைபேசி எந்த வீட்டிலும் இருந்ததில்லை. அக்கா கண்ட முதல் போனே பட்டன் போன்தான். பாவிப்பவர் தன் வாழ்க்கையில் கண்ட பொருளைப் படமாகப் போட வேண்டும் என்று எழுதிவைத்தவர்கள், காணாத பொருளை உலகம் முழுக்கப் போட்டுவைத்திருக்கிறார்கள். அக்கா தான் அறிந்ததை வைத்து அதற்குப் பெயர் சூட்டிவிட்டாள். பச்சைக் கஜுவை மேலே இழுத்தால் கதைக்கலாம், சிவப்புக் கஜுவை இழுத்தால் கட். ஷெரின் அதை ஆசையோடு எழுதிக்கொண்டது திரையில் தெரிந்தது.

பிறகு எங்கள் தொழிலின் முக்கியமான முறைக்கு வந்தாள். போனைப் பாவிக்கும்போது மனதில் வருவது எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என்ன நினைக்கிறீர்கள், எதைத் தேடுகிறீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், எது வரவில்லை, எல்லாவற்றையும். எங்கள் அறைக்கு வரும் நோர்வேஜியர்கள் இதை இலகுவாகச் செய்வார்கள். அக்கா யோசித்தாள்.

"மனசில வாறதையெல்லாம் வாயால சொன்னால் குடும்பம் நடத்தேலுமோ பிள்ளை?"

சொன்னாளே தவிர, தொடங்கிவிட்டாள். விரலோடு வாயும் சேர்ந்து நடந்தது. இது வெளிச்சத்தைக் கூட்டுகிறது. இது படம் எடுக்கிறது, இதற்குள் கைபட்டால் வெளியே வரத் தெரியாது, றொபினுக்கு எடுத்துக் கேட்பேன். இது மேலே வந்து வந்து நிற்கிறது, இதெல்லாம் விளம்பரம், றொபின் தள்ளிவிடச் சொன்னவன், தள்ளிவிடுவேன். இதற்குள் ஆர் ஆர் எடுத்தது என்று இருக்கும். கோயில், உன்ர அம்மா, றொபின். சிவப்பில இருக்கிறதில தவறிய அழைப்பு என்று கிடக்கும், அதை நான் பார்க்கிறதில்லை, ஏதோ பிழை விட்ட மாதிரி எழுதிக் கிடக்கு. பிறகு அவள் குரல் மாறாமலேயே, அதே வரிசையில் அடுத்ததாகச் சொன்னாள்.

"முந்தி விடிய ஒருக்கா அவரின்ர ரிங் வரும். இப்ப வாறேல்லை."

பின்பக்கத்தில் வலை தட்டும் சத்தம் நின்றது.

5

றொபின் போனைத் திருப்பவில்லை. அதனால் எனக்கு அத்தான் தெரியவில்லை, அவருடைய குரல்தான் கேட்டது.

"நான் ஒவ்வொரு நாளும் விடுறனான்."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து கதவு நிலையில் நின்றார். கையில் பாசி ஒட்டியிருந்தது. அவர் சத்தமாகப் பேசுபவரல்ல, அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"உந்தப் போன் வந்த நாள் தொடக்கம் ரிங் விடாமல் நான் ஒரு நாளும் வள்ளத்தால இறங்கேல்லை, திரேசா."

பேசக் கூடாது என்ற விதி எனக்கு அப்போது மிகவும் வசதியாக இருந்தது. ஷெரின்தான் பேசினாள். அவளுக்கு இந்த இருவருக்குள்ளும் மூன்று மாதமாக என்ன இருந்தது என்று தெரியாது, நான் சொல்லவில்லை. அவள் காதில் விழுந்தது ஒரு பிழை, அதை மறுபடி நிகழ்த்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"பெரியப்பா, இப்ப ஒருக்கா விடுங்கோ. துறையில விடுற மாதிரியே."

அத்தான் கையை உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுத் தன் பட்டன் போனை எடுத்தார். தண்ணீர் படாமல் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பார், அதைப் பிரிக்காமலேயே வெளியால் ஓர் இலக்கத்தை அமத்திப் பிடித்தார். காதில் வைக்கவில்லை. ஒரு கணம், பிறகு நிறுத்தினார்.

அக்காவின் மடியில் இருந்த போன் சிறிதாக நடுங்கியது. சத்தம் வரவில்லை. திரையின் மேலே ஒரு சிறிய பட்டை இறங்கி வந்து நின்றது. அக்கா, அதை வாசிக்காமலே, பழக்கத்தில் விரலால் பக்கவாட்டில் தள்ளிவிட்டாள்.

அது போய்விட்டது. தள்ளிய பிறகுதான் அவள் தன் விரலைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விஷயம் இவ்வளவுதான். இந்த வகைப் போன்கள் கோல் வந்தால் உடனே சத்தம் போடுவதில்லை. முதலில் நடுங்கும், பிறகு மெல்லத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டும். கூட்டத்தில் இருப்பவரைத் திடுக்கிட வைக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்ற மரியாதை. மற்றவர்கள் எடுக்கும்வரை விட்டு அடிப்பதால் அக்காவுக்குக் கேட்டது. அத்தானின் ஒரு ரிங், சத்தம் வர முன்னரே முடிந்துவிடும். வழக்கமாக அலுமாரிக்கு மேல் இருக்கும் போன், ஒவ்வொரு காலையும் ஒருமுறை நடுங்கிவிட்டுத் தவறிய அழைப்பு என்று எழுதி வைத்திருக்கிறது. அக்கா அதை மற்ற விளம்பரங்களோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறாள். எங்கள் அறையில் இந்த அமைப்புக்கு நல்ல பெயர். பஸ்சில் யன்னலுக்கு வெளியே பார்க்கிற மனிதர்களுக்கு அது அளவெடுத்துத் தைத்தது.

ஷெரின் சொல்லச் சொல்ல றொபின் அந்த அமைப்பைத் தேடி எடுத்து நிறுத்தினான். பட்டியலுக்குள் பட்டியலாக மூன்று கதவு திறந்து உள்ளே போக வேண்டியிருந்தது, அதையும் ஷெரின் எழுதிக்கொண்டாள். அத்தான் இன்னொருமுறை அடித்தார். இந்த முறை குசினி முழுக்கக் கேட்டது. ஒரு ரிங், பிறகு ஒன்றுமில்லை.

"பெரியம்மா, இப்ப மனசில என்ன வருது, சொல்லுங்கோ" என்றாள் ஷெரின். பயிற்சியின் கடைசிக் கேள்வி அது.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அதை உனக்கென்னத்துக்கு" என்றாள். பிறகு எழும்பி, அடுப்படிக்குப் போய், பானையை எடுத்துத் தண்ணீர் வார்த்து உலை வைத்தாள். சோறு ஏற்கனவே வடித்து மூடியிருந்தது. அத்தான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலைக்குத் திரும்பிப் போகவில்லை. றொபின் வீடியோவை நிறுத்திவிட்டான். நல்ல பிள்ளை.

6

திங்களன்று வள்ளத்தைப் பார்க்க வந்தவரை அத்தான் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாராம். வள்ளம் நிற்கட்டும், பிறகு பார்ப்போம் என்று சொன்னாராம். றொபினுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் தாய் இப்போது முனைக்குப் போவதில்லை, அது போதும் என்றான். கடல் மாறவில்லை. அங்கே இருக்கிற பயங்களும் மாறவில்லை. ஒரு நாள் அவர்கள் நகரத்துக்குப் போகத்தான் போகிறார்கள், முழங்கால் போகச் சொல்லும். ஆனால் போகும்போது, ஒருவர் மற்றவரைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போகமாட்டார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஷெரின் தன் அறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தாள். கைரேகை, கஜுக்கொட்டை, மூன்று கதவு, எல்லாம் இருந்தன. கடைசிப் பகுதியில் ஒரு பரிந்துரை. எடுக்காமல் நின்றுபோன எல்லா அழைப்பையும் தவறியதாகக் கருதுவது பிழை. சில இடங்களில் அது போய்ச் சேர்ந்த செய்தி. அழைத்தவர் நினைத்தது நடந்துவிட்டது, பெற்றவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அங்கே போன் செய்ய வேண்டியது சத்தம் போட்டுச் சேர்த்துவிடுவது மட்டுமே, சிவப்பில் எழுதிக் குற்றம் சொல்வது அல்ல. நோர்வேஜிய மொழியில் அதைப் படித்தபோது, இவள் எங்கள் ஊரைப் பற்றி என்னைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

விரிவுரையாளர் நல்ல புள்ளி போட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தாராம்: இப்படிப் போனைப் பாவிப்பவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஷெரின் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். எங்கள் அறைக்கு அப்படி ஒருவர் வந்ததில்லை என்றும் சொன்னேன். அவர்களை நாங்கள் அழைத்ததில்லை என்பதும் அந்தப் பதிலுக்குள் இருந்தது. அவளுக்கு அது விளங்கியது.

வழமையாக அத்தோடு முடிந்துவிடும் எங்கள் பேச்சு, அன்று முடியவில்லை. பெரியப்பா போனைக் காதில் வைக்காமலே அடித்தாரே, அது ஏன் என்று கேட்டாள். கேட்பதற்கு ஒன்றும் இல்லாதபடியால் என்றேன். உலை வைக்கிறது என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். பெரியம்மா ஏன் இரண்டாவது தரம் உலை வைத்தார் என்று கேட்டாள். அதற்கு எனக்கு நோர்வேஜிய மொழியில் சொல் வரவில்லை, தமிழில் சொன்னேன். விளங்கியதோ தெரியாது. நான் சொன்னதைத் தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், கட்டைவிரல் காட்டவில்லை.

7

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு ஷெரின் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம். வெளியே வழக்கமான பேர்கன் மழை. பெரிய வெள்ளி என்பதால் மீன் கறி வைத்திருந்தேன். சோறு போடவில்லை. போட்டு வைத்தால் ஆறிப்போகும், அவளும் வந்து பசியில்லை என்பாள். விமானம் இறங்கிவிட்டதா என்று பார்க்கவும் இல்லை. பார்த்து என்ன, எந்த பஸ்சில் வருகிறாள் என்பது தெரியாது. என் கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்தேன்.

மேசையில் இருந்த என் போன் ஒரு தடவை அடித்து நின்றது.

அந்தப் பங்குனி ஞாயிறன்றே நான் என் போனிலும் மெல்ல அடிக்கத் தொடங்கும் அந்த மரியாதையை நிறுத்திவிட்டிருந்தேன். இல்லாவிட்டால் எனக்கும் கேட்டிருக்காது. திரையில் ஷெரினின் பெயர். பக்கத்தில், சிவப்பில், தவறிய அழைப்பு.

"ஆரது? திருப்பி எடுமன்" என்றார் அவர்.

"தேவையில்லை. பிள்ளை கரைக்கு வந்திட்டாள்" என்றேன்.

எழும்பிப் போய் உலை வைத்தேன்.